ரேநாக்ஸ் 250, ரேநாக்ஸ் 150: ஹோவர்ஃப்ளை எடுக்க எது நல்லது?

பூச்சிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சின்னப் பொருளை அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸின் விலையைத்தான். விலையைச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்படி ஆசையை ஒத்திவைத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கேமராவோடு சேர்ந்து வந்த ஒரு டெலி ஜூம் லென்ஸ் வீட்டில் சும்மா கிடக்கிறதா? அதன் முன்னால் கிள்ளி மாட்டுகிற ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்னக் கண்ணாடி ஒன்று போதும். ஈயின் இறக்கையில் ஓடும் நரம்பை எண்ணலாம். நான் எண்ணியிருக்கிறேன். பூவுக்கு முன்னால் காற்றில் மிதந்து நிற்கும் ஹோவர்ஃப்ளை என்ற ஈயை எடுக்க இது நல்லதா, இதே வகையில் வரும் டிசிஆர்-150 நல்லதா என்பதையும் சொல்கிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். புத்தகத்தில் இருக்கும் கோட்டுப்படத்தைக் காட்டி ஈக்கு இறக்கை இரண்டு, தேனீக்கு நான்கு என்று சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். பள்ளி வேலியோரத் தும்பையில் அன்று காலை உட்கார்ந்திருந்த பூச்சியைத் திரையில் பெரிதாகக் காட்டி, "இது தேனீயா, ஈயா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்குத் தெளிவான படம் வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

ரேநாக்ஸ் என்பது டோக்கியோவில் உள்ள யோஷிதா நிறுவனத்தின் பிராண்டு. டிசிஆர்-250 எட்டு டயாப்டர் குளோசப் லென்ஸ் (டயாப்டர் என்பது கண்ணாடியின் குவிக்கும் திறனைச் சொல்லும் அளவு). உள்ளே மூன்று கண்ணாடிகள், இரண்டு தொகுப்பாக. இது முக்கியம். பிளஸ் ஒன்று, இரண்டு, நான்கு, பத்து என்று நான்கைந்து வட்டங்களை ஒரு பையில் போட்டுச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அவை ஒற்றைக் கண்ணாடி. அவற்றில் எடுத்தால் பூச்சியின் விளிம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாகக் கசியும், ஓரங்கள் கரைந்துபோகும். ரேநாக்ஸில் அந்தக் கசிவு மிகவும் குறைவு. மயிர்க்கால் மயிர்க்காலாகவே தெரிகிறது.

மாட்டுவதும் எளிது. கண்ணாடி 43 மி.மீ. மரை கொண்டது. அதோடு ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் வருகிறது. அதன் இரு பக்கமும் ஸ்பிரிங் வைத்த நாக்குகள் இருக்கும். லென்ஸ் மூடியைக் கிள்ளுகிற மாதிரியே கிள்ளி மாட்டலாம். 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள எந்த லென்ஸிலும் உட்காரும். என்னுடையது கேனான் 55-250 எஸ்டிஎம், 58 மி.மீ.; கச்சிதமாகப் பொருந்துகிறது. இதே 55-250இன் பழைய வகை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதில் ஃபோகஸ் ஓடும்போது லென்ஸின் முன்பகுதி சுழலும், ரேநாக்ஸும் சேர்ந்து சுற்றும். எஸ்டிஎம்மில் அந்தத் தொல்லை இல்லை.

இனி கணக்கு. எட்டு டயாப்டர் என்றால் குவியத்தூரம் 125 மி.மீ. ஜூம் லென்ஸை இன்ஃபினிட்டியில், அதாவது மிகத் தொலைவில், ஃபோகஸ் வைத்து, அதன் குவியத்தூரத்தை 125ஆல் வகுத்தால் உருப்பெருக்கம், அதாவது பூச்சி தன் நிஜ அளவைப்போல் எத்தனை மடங்காகச் சென்சாரில் விழுகிறது என்பது, கிடைக்கும். ஜூமை 250 மி.மீ.யில் வைத்தால் இரண்டு மடங்கு. என் கேனான் 200டி கேமராவின் சென்சார் அகலம் 22 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும்; ஆக இரண்டு மடங்கில் 11 மி.மீ. அகலமுள்ள ஓர் உலகம் படம் முழுவதையும் நிரப்புகிறது. விலை அதிகமான மேக்ரோ லென்ஸ்களிலும் பெரும்பாலானவை ஒரு மடங்கோடு நின்றுவிடும். ஜூமை 125க்குக் கொண்டுவந்தால் ஒரு மடங்கு, 100இல் முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். 100க்குக் கீழே போகவேண்டாம், படத்தின் நான்கு மூலையும் இருண்டுவிடும். ஜூம் வளையத்தைத் திருப்பித் திருப்பியே பூச்சியின் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இந்த வசதி, நிலையான குவியத்தூரம் கொண்ட மேக்ரோ லென்ஸில் இல்லை. இன்னொன்று, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெறும் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டால் வெளிச்சம் குறையும், இதில் குறைவதில்லை.

குறை என்ன என்றால், தூரம். ஃபோகஸ் கிடைக்கும் இடம் கண்ணாடியிலிருந்து பத்து, பன்னிரண்டு செ.மீ.க்குள் ஒரு சின்ன இடைவெளி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் மங்கல். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக் களைத்துப்போகும், அணைத்துவிடுங்கள். மேனுவலில் வைத்து, உடம்பையே மெதுவாக முன்னே சாய்த்து, கண் தெளிவாகும் நொடியில் அழுத்தவேண்டும். ஒரு மடங்கில் லென்ஸின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட வராது. இரண்டு மடங்கில் அதிலும் கால் பங்குதான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் உணர்கொம்பு போய்விடும்.

இப்போது ஹோவர்ஃப்ளைக்கு வருகிறேன். வேளாண்மைத் துறையினர் சிர்பிட் ஈ என்பார்கள். மஞ்சளும் கறுப்புமாகக் குளவி வேஷம் போட்டு, பூவுக்கு முன்னால் காற்றில் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்குமே, அதுதான். கொட்டாது, கடிக்காது. உலகில் ஆறாயிரம் இனங்களுக்கு மேல் இருக்கின்றன. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அதிகம் கிடைப்பது இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ். மார்பின் இரு ஓரத்திலும் மஞ்சள் கோடு இருக்கும். வாய்க்கால் ஓரமாகப் போனால் எரிஸ்டாலினஸ் கிடைக்கும். அதன் கண்ணை முதன்முதலாக இந்த லென்ஸில் பார்த்தபோது நான் மூச்சுவிட மறந்தேன். சுங்குடிச் சேலையில் புள்ளி வைத்ததுபோல் கண் முழுக்கப் புள்ளி! சில இனங்களில் புள்ளிக்குப் பதில் கோடு. வெறும் கண்ணால் பார்த்தால் சாணியில் மொய்க்கும் ஏதோ ஓர் ஈ என்று கடந்து போயிருப்போம்.

இந்த ஈயை எடுக்கையில்தான் டிசிஆர்-250இன் பத்து செ.மீ. பிரச்சினையாகிறது. வெயில் ஏறிவிட்டால் அவ்வளவு பக்கத்தில் கண்ணாடியைக் கொண்டுபோனதும் பறந்துவிடும். எங்கள் பள்ளித் தாவரவியல் சார் ரேநாக்ஸ் டிசிஆர்-150 வைத்திருக்கிறார். அதைக் கடன் வாங்கி ஒரு மார்கழி, தை முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 150 என்பது 4.8 டயாப்டர். ஏறக்குறைய இருபது செ.மீ. தள்ளி நின்று எடுக்கலாம். ஃபோகஸ் கிடைக்கும் இடைவெளியும் கொஞ்சம் தாராளம். ஜூமை 250 மி.மீ.யில் வைத்தால் 1.2 மடங்கு வருகிறது. படத்தின் அகலம் 18 மி.மீ. ஒன்பது, பத்து மி.மீ. நீள ஈ படத்தில் பாதியை நிறைத்து உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றிப் பூவும் கொஞ்சம் தெரியும். பூவில் இருக்கும் ஈக்கு இதுதான் சரியான அளவு என்பது என் கருத்து. டிசிஆர்-250ஐ மாட்டி அதே ஜூமில் எடுத்தால் ஈ முழுசாக மூட்டை கட்டி வைத்தாற்போல் நெருக்கடியாக இருக்கிறது, கால் ஒன்று வெட்டுப்படுகிறது. ஆக ஹோவர்ஃப்ளை, தேனீ, சின்ன வண்ணத்துப்பூச்சி என்றால் 150 வாங்குங்கள். பெயரில் எண் பெரிதாக இருக்கிறதே என்று 250ஐத் தேர்வு செய்பவர்கள் நிறையப் பேர். முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் 150ஐத்தான் சொல்வேன்.

அப்படியானால் 250 எதற்கு? கொசுத்தேனீ இருக்கிறதே, மூன்று, நான்கு மி.மீ. நீளம்தான். துளசிப் பூவில் அது பின்காலில் மகரந்த உருண்டையோடு நிற்பதை எடுக்க 250தான் வேண்டும். குதிக்கும் சிலந்தியின் முகம், எறும்பு, பொறிவண்டின் முட்டைக் கொத்து, எல்லாவற்றுக்கும் இதுதான். அப்புறம் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. அவரைக் கொடியின் நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும் அசுவினிக் கூட்டத்தை 250 மாட்டிப் பாருங்கள். நடுநடுவே ஒரு மில்லிமீட்டருக்கு வெள்ளையாக நீள்வட்ட முட்டை தெரிந்தால், அது பெரும்பாலும் ஹோவர்ஃப்ளை வைத்தது. அதிலிருந்து வரும் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலையை இப்படியும் அப்படியும் துழாவி, தட்டுப்பட்ட அசுவினியை அப்படியே தூக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டுத் தோலைப் போட்டுவிடும். இதை நான் வகுப்பில் காட்டினேன். அசுவினியைக் கண்டதும் மருந்து அடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டொரு வீட்டில் இப்போது அவரைக்கு மருந்து அடிப்பதில்லை. ஒரு கண்ணாடித் துண்டு இவ்வளவு செய்கிறது.

இனம் கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் ஒரே ஈயை மூன்று விதமாக எடுக்கப் பழகுங்கள்: மேலிருந்து முதுகு, முன்னாலிருந்து முகம், பக்கவாட்டில் பின்னங்கால். ஆணா பெண்ணா என்பது மேலிருந்து எடுத்த படத்திலேயே தெரியும். பெரும்பாலான ஆண் ஈக்களுக்குத் தலையுச்சியில் இரண்டு கண்ணும் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி விட்டிருக்கும். இறக்கையில் வெளிச்சம் சரியாக விழுந்தால், நடுவில் எதனோடும் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடுவதும் தெரியும். ஹோவர்ஃப்ளை குடும்பத்தில் ஏறக்குறைய எல்லா இனத்துக்கும் உள்ள அடையாளம் அது. உயிரினப் படங்களைப் பகிர்ந்து பெயர் கண்டுபிடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தை ஏற்றும்போது இந்த மூன்று கோணமும் இருந்தால் அங்கே இருக்கும் வல்லுநர்கள் பெயர் சொல்ல வாய்ப்பு அதிகம். முதுகு மட்டும் உள்ள படம் மாதக்கணக்கில் பெயரில்லாமல் கிடக்கும்.

ஃபிளாஷ் இல்லாமல் இந்த லென்ஸைப் பாதிகூடப் பயன்படுத்த முடியாது. எஃப்/11 வைத்தால் காலை வெளிச்சம் போதாது. கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றினால் மயிரும் புள்ளியும் குழைந்துவிடும். கேமராவோடு வரும் ஃபிளாஷ், லென்ஸின் நிழலைப் பூவின் மேல் போட்டுவிடும். மேலே மாட்டுகிற சின்ன ஃபிளாஷ் ஒன்று வாங்குங்கள். மேனுவலில் எட்டில் ஒரு பங்கு பலம், 1/200 நொடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 200, இவை என் வழக்கமான அளவுகள். அவ்வளவு குறைந்த பலத்தில் ஃபிளாஷ் எரிந்து அணையும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. அதனால் என் கை நடுக்கமும் காற்றாட்டமும் படத்தில் தெரிவதில்லை. 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் விசாரியுங்கள். அதில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுமுள்ளை எடுத்துவிட்டார்கள், எந்த கேமராவிலும் எரியும் சாதாரண மேனுவல் ஃபிளாஷ் அதில் எரியாது.

ஃபிளாஷுக்கு முன்னால், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் கட்டாயம். இல்லாவிட்டால் ஈயின் பளபளப்பான முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்து நிறமே போய்விடும். டிவி, லேப்டாப் வாங்கும்போது சுற்றி வருகிற மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் இருக்குமே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். தடித்த அட்டையை ஃபிளாஷிலிருந்து லென்ஸ் முனைவரை சரிவாக வைத்து, உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி, வாய்ப்பக்கம் அந்த ஃபோமை இரண்டு மடிப்பாக ஒட்டிவிட்டால் முடிந்தது. ஒளி பூவுக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு அகலமாக வருகிறதோ அவ்வளவு மென்மையாக இருக்கும். இந்த விஷயத்தில் 250க்கு ஒரு நன்மை உண்டு. பூச்சி பக்கத்தில் இருப்பதால் டிஃப்யூசரும் பக்கத்திலேயே இருக்கும், படம் இன்னும் மென்மையாக விழும். 150இல் ஃபிளாஷின் பலத்தை ஒரு படி ஏற்ற வேண்டியிருக்கிறது.

காற்றைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்றில் ஒரு பூவும் ஒரு நொடி நிற்காது. அந்த மாதங்களில் லென்ஸைப் பெட்டியில் வைத்துவிடலாம். மற்ற நாட்களில் ஒரு வழி இருக்கிறது. இடது கையின் இரண்டு விரலால் பூக்காம்பை மெல்லப் பிடித்துக்கொண்டு, லென்ஸின் முனையை அதே கையின் மேல் சாய்த்துவிடுங்கள். பூவும் கேமராவும் ஒன்றாகவே ஆடும், ஃபோகஸ் தப்பாது. இதுவும் 250இன் குறைந்த தூரத்தில்தான் வசதி. டிரைபாட் எல்லாம் தோட்டத்துக்கு ஆகாது, நீங்கள் கால்களை விரித்து வைப்பதற்குள் ஈ நாலு பூ மாறியிருக்கும்.

நேரம் முக்கியம். சூரியன் வேலியைத் தாண்டும் முன், ஆறரையிலிருந்து எட்டரைக்குள் போங்கள். இரவுக் குளிர் உடம்பில் இருக்கும்வரை பூச்சிகள் மந்தமாக இருக்கும். உங்கள் நிழல் பூவின் மேல் விழாதபடி நில்லுங்கள். பக்கவாட்டில் நகராமல் நேராக, மெதுவாகக் கிட்டே போனால் ஹோவர்ஃப்ளை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மகரந்தம் தின்னத் தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது, வாயுறுப்பை நீட்டி மகரந்தத்தை ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஏற்ற பூ எது என்று கேட்டால், பெரிய செம்பருத்தியை விட்டுவிடுங்கள். கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். துளசி, துலுக்கச்சாமந்தி, தும்பை, மூக்குத்திப்பூ போன்ற சின்னச் சின்னப் பூக்களில்தான் இவற்றின் குட்டை வாய்க்கு மகரந்தம் எட்டும். தரையோடு கிடக்கும் மூக்குத்திப்பூவுக்கு 200டியின் திருப்புகிற திரை பேருதவி. மண்ணில் படுக்கவேண்டியதில்லை.

துளசி இருந்தால் நீலப்பட்டைத் தேனீ கட்டாயம் வரும். பகலில் அது நிற்கவே நிற்காது. 150 போட்டாலும் பாதிப் படத்தில் வெறும் இலைதான் இருக்கும். ஆனால் பொழுது சாயும்போது ஏதாவது காய்ந்த குச்சியைப் பாருங்கள். ஆண் தேனீக்கள் வரிசையாகக் குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும். அந்த நேரம் 250ஐ மாட்டினால் வயிற்றில் உள்ள நீலப்பட்டையின் ஒவ்வொரு மயிரும் கிடைக்கும். ஃபிளாஷை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அடிக்காதீர்கள், தூங்கட்டும். நித்தியகல்யாணியின் வெள்ளைப் பூவில் அதே வெள்ளையில் நண்டுச் சிலந்தி உட்கார்ந்திருந்தால் அதுவும் நல்ல வாய்ப்பு. அது இடத்தைவிட்டு நகராது, வந்து உட்காரும் ஈயைப் பிடிக்கக் காத்திருக்கும். காலை முழுக்க அதோடு உட்காரலாம்.

பறக்கும் ஹோவர்ஃப்ளையை இந்த லென்ஸில் எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: எதிர்பார்த்து வாங்காதீர்கள். இறக்கை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. ஃபிளாஷ் அதை உறையவைத்துவிடும். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த ஆழத்துக்குள் மிதக்கும் ஈ வந்து விழவேண்டுமே. அதற்கு ரேநாக்ஸைக் கழற்றிவிட்டு, 55-250இன் சொந்த ஃபோகஸில், 85 செ.மீ. தள்ளி நின்று எடுப்பதே நல்லது. ஈ சின்னதாக வரும், ஆனாலும் வரும். கிள்ளி மாட்டுகிற அடாப்டரின் அருமை அப்போதுதான் தெரியும். ஒரு நொடியில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த அடாப்டர் பிளாஸ்டிக்தான் என்பதால் கிளை, வேலி ஏதாவது பக்கவாட்டில் இடித்தால் கழன்று விழும். புதரோரம் அதிகம் எடுப்பவர்கள் 58-43 மி.மீ. ஸ்டெப் டவுன் வளையம் ஒன்றைத் தனியாக வாங்கி, கண்ணாடியை நேரடியாக மரையில் திருகிவிடுங்கள். விலை சில நூறு ரூபாய்தான், அசையாமல் நிற்கும். தேய்மானம் என்று பார்த்தால் ஸ்பிரிங் இன்னும் புதிது மாதிரியே இருக்கிறது. கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கூட வரும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பொட்டலத்தை மட்டும் அடிக்கடி மாற்றவேண்டும்.